எங்கள் ஊரின் வெள்ள வரைபடத்தை நாங்களே தயாரிக்க விரும்புகிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

நவகிரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவில், வெல்லாவெளிக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய கிராமத்தைச் சேர்ந்தவள். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இந்த வருடம் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மாரி தொடங்குவதற்கு இன்னும் மூன்று மாதங்கள் அளவில் இருப்பதால், அதற்கு முன்பாக ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்று எண்ணி, இத்துறையில் பழகியவர்களின் ஆலோசனையைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

நவகிரிக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன என்ற அறிவித்தல் எங்கள் ஊரில் எவருக்கும் புதிய செய்தி அல்ல. எந்த வாய்க்கால் முதலில் பெருகும், எந்த மதகின் மேலால் தண்ணீர் பாயத் தொடங்கும், மண்டூருக்குப் போகும் வீதி எந்த இடத்தில் முதலில் மூழ்கும், ஊரில் எந்த மேட்டில் மாடுகளைக் கட்டலாம் என்பதெல்லாம் வயதானவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கடதாசியில் இல்லை. பாதிப்பு விபரங்கள் கிராம அலுவலர் பிரிவு என்ற அளவிலேயே மேலிடத்துக்குப் போகின்றன. எங்களுடைய பிரிவிலோ மேட்டுப் பக்கம் ஒரு குடியிருப்பும் பள்ளப் பக்கம் ஒரு குடியிருப்பும் இருக்கின்றன. கடந்த வெள்ளத்தின்போது பார்வையிட வந்தவர்கள் மேட்டுப் பக்கத்து வீதியோடு திரும்பிவிட்டதால், முழுப் பிரிவுமே பாதிப்புக் குறைந்ததாகப் பதிவாகியது. அதே நேரத்தில் பள்ளப் பக்கத்துச் சனங்கள் பாடசாலை மண்டபத்தில் நான்கு நாட்களாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள்மீது நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய கையில் இருந்த படத்தில் பள்ளம் எது, மேடு எது என்று காட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

சென்ற கிழமை, முன்னர் எங்கள் கண்டத்தில் (வயல்வெளியில்) தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாக இருந்த பெரியவர் ஒருவர், கோயில் முற்றத்து மணலில் ஒரு தடியால் முழு ஊரையும் கீறிக் காட்டினார். குளத்திலிருந்து வரும் தண்ணீர் எங்கே இரண்டாகப் பிரிகிறது, 1957 ஆம் ஆண்டு வெள்ளத்தில் எந்த வழியால் உடைத்துக்கொண்டு வந்தது, பின்னர் வீதியை உயர்த்தியபோது அந்த வழி எப்படி அடைபட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மணற்படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கூகுள் வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீதிக் கோடும் வெறும் நிலமும் மாத்திரமே தெரிந்தன. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனபோது முற்றத்தைக் கூட்டிவிட்டிருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிறுவனத்தினர் கையடக்கக் கணினிகளோடு வந்து, வீடு வீடாகக் கேள்வி கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். அந்தத் தரவு எங்கே போனது, அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இம்முறை தரவு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதில் சங்கத்தினர் உறுதியாக இருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பவை ஒரு மடிக்கணினி, ஐந்து கைப்பேசிகள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஆறு பிள்ளைகள். எந்த மென்பொருளைக் கொண்டு தொடங்கலாம், அரசாங்கத்தின் படங்களை எப்படிப் பெறலாம், செய்மதிப் படங்களில் எங்கள் ஊரின் வெள்ளம் தெரியுமா, எதைப் படத்தில் போடாமல் விட வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.


பழைய சங்கிலி எழுதியது:

மகள், உங்களுடைய முயற்சியை வாசித்து மிகவும் மகிழ்ந்தேன். நான் நில அளவையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும் பகுதி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலேயே கழிந்தது. மென்பொருள்களைப் பற்றி இளையவர்கள் சொல்வார்கள். நான் அடித்தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அடித்தளத்தில் பிழை விட்டால் மேலே எவ்வளவு அழகாகக் கீறினாலும் பயன் இல்லை.

எங்கள் நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் முன்னர் வெளிவந்த தாள்களுக்குப் பதிலாக, இப்போது 1:50,000 அளவுத்திட்டத் தாள்கள் இருக்கின்றன. அந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். உங்கள் பள்ளப் பக்கத்துக் குடியிருப்பு முழுவதும் ஒரு பெருவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே அரசாங்கப் படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் உங்களுடைய படத்தைப் பெரிய அளவில் நீங்களே உருவாக்குவதுதான் வழி.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறைகள் இரண்டு புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலைதான். பழைய முறையில் அந்த மையத்துக்குக் கிழக்காக 2,00,000 மீற்றர், வடக்காக 2,00,000 மீற்றர் என்ற எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். 1999 ஆம் ஆண்டின் புதிய முறையில் அதே மையத்துக்கு 5,00,000, 5,00,000 என்று கொடுத்தார்கள். பழைய தாளிலிருந்து எடுத்த எண்களைப் புதிய முறையில் இட்டால், வெல்லாவெளிக் கிணறு காலிக்குத் தென்மேற்கே நடுக்கடலில் போய் விழும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சுனாமிக்குப் பின்னர் ஓர் அலுவலகத்தில், இரண்டு குழுக்கள் தனித்தனியாக எடுத்துவந்த கிணறுகளின் பட்டியலை ஒன்றாகச் சேர்த்தபோது பாதிக் கிணறுகள் கடலுக்குள் போயிருந்ததை என் கண்ணால் கண்டேன். கடலுக்குள் விழுந்தால் பிழை உடனே தெரிந்துவிடும், அதனால் அது பெரிய ஆபத்து அல்ல. கைப்பேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்குக்கும் பழைய தாளின் அகலாங்கு நெட்டாங்குக்கும் இடையில் இருக்கும் சிறிய வேறுபாடே உண்மையில் ஆபத்தானது. மாற்றம் செய்யாமல் இட்டால் வீதி பக்கத்து வயலுக்குள் விழும், மதகு வேறொருவருடைய வளவுக்குள் போகும், அதை எவரும் கவனிக்கவும் மாட்டார்கள். கணினியில் திறக்கும்போது பழைய முறைக்கு 5234, புதிய முறைக்கு 5235 என்ற குறியீட்டு எண்களைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். கைப்பேசியில் எடுப்பவை 4326 என்ற எண்ணில் வரும். இந்த மூன்று எண்களையும் மடிக்கணினியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.

அடுத்தது பெயர்கள். அந்தக் காலத்தில் விதானைமார் வாயால் சொன்ன பெயரை ஆங்கில எழுத்தில் குறித்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினார்கள். ஆலையடி வட்டை என்பது ‘அலையாடி’ என்று மாறி நின்றதை நான் ஒரு படத்தில் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கண்டத்துக்கும் மேட்டுக்கும் மூன்று தலைமுறையினரிடம் பெயர் கேளுங்கள். இரண்டு பெயர்கள் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். வெள்ள நேரத்தில் உதவிக்கு அழைப்பவர் தன் வாயில் வரும் பெயரைத்தான் சொல்வார்.

இன்னுமோர் எச்சரிக்கை. காணி எல்லைகளைக் கீற வேண்டாம். நீங்கள் நல்ல நோக்கத்தோடு கீறிய கோட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஒருவர் வழக்குப் பேச வருவார். அதிகாரம் பெற்ற நில அளவையாளர் தயாரித்த வரைபடத்துக்கு மாத்திரமே அந்த வேலை உரியது. ‘இது காணி எல்லைப் படம் அன்று’ என்று படத்தின் அடியில் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.


தோணா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் கல்முனைப் பக்கத்தைச் சேர்ந்த ஆசிரியை. எங்கள் மாதர் சங்கத்தோடு சேர்ந்து இரண்டு மாரிகளாக இதே வேலையைச் செய்து வருகிறோம். தங்கை எழுதியிருப்பதை வாசித்தபோது எங்களுடைய முதலாவது கூட்டம் நினைவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு இங்கே வந்து எடுக்கப்பட்ட பட்டியல்களுக்கும் படங்களுக்கும் அளவே இல்லை. அவற்றில் ஒன்றுகூட எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்ப்பகுதியில்) இல்லை. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களைக் கண்ட பிறகுதான், எந்த வீதியில் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றால் போகக் கூடாது என்பதை நாங்களே எழுதிவைப்போம் என்ற முடிவுக்கு எங்கள் பெண்கள் வந்தார்கள். அந்த வீதி மூழ்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை அடி என்பதும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தரவு சேகரிக்க நாங்கள் கோபோ டூல்பொக்ஸ் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறோம். கேள்விகளைத் தமிழில் எழுதலாம், இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் பதியலாம், பின்னர் தொடர்பு கிடைக்கும்போது அனுப்பலாம். கைப்பேசியில் இடத்தைப் பதியும்போது தகரக் கூரைக்குக் கீழோ மாமரத்தின் கீழோ நிற்காமல், வெளி முற்றத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, பிழை அளவு ஐந்து மீற்றருக்குக் குறைந்த பிறகு பதியச் சொல்லுங்கள்.

கேள்விகளை எழுதும்போது அவதானமாக இருங்கள். வெளியூரில் தயாரித்த ஒரு படிவத்தில் ‘பாதை எத்தனை நாட்கள் தடைப்பட்டது’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதைக் குருமண்வெளியில் உள்ள ஒரு சிநேகிதி தன்னுடைய ஊரில் கேட்டுப் பார்த்தாள். மண்டூருக்கு ஆற்றைக் கடக்கும் மிதவையைத்தானே அங்கே பாதை என்று சொல்வார்கள், ஆகவே எல்லாரும் பாதை எத்தனை நாட்கள் ஓடவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள் வீதி என்று எண்ணி எழுதிக்கொண்டார்கள். எழுதியவரிலும் பிழையில்லை, பதில் சொன்னவரிலும் பிழையில்லை. அதனால் எந்தப் படிவமானாலும் முதலில் உங்கள் ஊரில் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டு மற்ற வீடுகளுக்குப் போங்கள்.

பெண்களிடம் கேளுங்கள். இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால், ‘இரவு வந்தது’ என்ற ஒரு பதிலோடு முடிந்துவிடும். அடுப்பை எப்போது தூக்கினீர்கள், தூக்கி எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், முழுக் கதையும் வரும். எங்கள் ஊரில் ஒரு உம்மா, முதலில் அடுப்பைக் கதிரையில் வைத்ததையும், சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது கதிரையின் இருக்கையில் தண்ணீர் முட்டியதையும், பிறகு மேசைக்கு மாற்றியதையும், மேசை ஆடத் தொடங்கியபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறியதையும் சொன்னார். கதிரையும் மேசையும் இன்னும் அதே குசினியில் இருந்தன. அளவுநாடாவைப் பிடித்தோம். நேரத்தோடு சேர்த்து மூன்று நீர்மட்டங்கள் கிடைத்தன. அந்த ஒரு குசினியில் கிடைத்தது போன்ற தரவை எந்தச் செய்மதியும் எங்களுக்குத் தரவில்லை.

சுவரில் சேற்றுக் கோடு இருந்தால், வெள்ளை பூசுவதற்கு முன்னர் நிலப்படியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வீட்டின் நிலப்படி உயரம், மற்றைய வீட்டின் நிலப்படி தாழ்வு. ஆகவே எல்லா அளவுகளையும் ஒரே இடத்தோடு ஒப்பிட வேண்டும். நாங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டியின் விளிம்பை அடிமட்டமாக வைத்துக்கொண்டோம். மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதல்லவா, அதன் இரு நுனிகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதைக்கொண்டே வீடு வீடாக மட்டத்தைக் கடத்திக்கொண்டு போனோம். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பிழைத்துவிடும் என்பதைத் தவிர அதில் கற்றுக்கொள்வதற்குக் கடினமாக ஒன்றும் இல்லை.

எதைப் போடாமல் விட வேண்டும் என்று தங்கை கேட்டிருந்தீர்கள். தனியாக வாழும் பெண்களின் வீடு, கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், பெயர்கள், தொலைபேசி இலக்கங்கள் ஆகிய எதுவும் படத்தில் வரக் கூடாது. மீட்பு வேலைக்கு அந்த விபரம் தேவை என்பது உண்மைதான். அதைத் தனிப் பதிவேட்டில் கையால் எழுதி, சங்கத்தில் இருவரும் கிராம அலுவலரும் மாத்திரம் பார்க்கும்படி வையுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பெண் தன் வீட்டில் ஆண் துணை இல்லை என்று நம்பிச் சொன்னதைப் படமாகக் கீறி மதிலில் ஒட்டுவது அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைத்ததை, மீறிய செயல்.


ஆற்றுவாழை எழுதியது:

அக்கா சொன்னவற்றில் பெயர், இலக்கம் பற்றியவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் வீதி, மதகு, பாடசாலை, கோயில், கிணறு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை, எவரும் சேர்க்கக் கூடிய திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் உடனுக்குடன் ஏற்றிவிட வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து. எங்கள் ஊரில் ஒரு இளைஞர் கழகம் ஒரு வருடம் பாடுபட்டுச் சேர்த்த எல்லாம் ஒரே ஒரு மடிக்கணினியில் இருந்தது. அந்தக் கணினி பழுதானபோது எல்லாம் போய்விட்டது. 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தத் திறந்த வரைபடத்தில் ஏற்றியதை உலகத்தில் எவரும் தரவிறக்கலாம், நீங்களும் எப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயருக்கெனத் தனிப் புலம் இருக்கிறது. கூகுளில் சேர்ப்பதை விட இதில் சேர்ப்பது நல்லது, ஏனெனில் கூகுளுக்குக் கொடுத்ததை முழுத் தரவாக நீங்கள் திரும்பப் பெற முடியாது.


வந்தாறுமூலைப் புவியியல் எழுதியது:

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிப்பவன். செய்மதிப் படங்களைப் பற்றிய கேள்விக்கு எவரும் பதில் எழுதாததால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல் செய்மதிகள் எடுக்கும் படங்களைக் கொப்பர்னிக்கஸ் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். சென்டினல்-2 சாதாரண ஒளியில் படம் எடுப்பது, படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீற்றர். வெள்ளக் காலத்தில் அது உங்களுக்கு உதவாது. வாடைக்காற்றோடு வரும் மழைக் காலத்தில், எங்களுக்குப் படம் மிகவும் தேவைப்படும் நாட்களில், மட்டக்களப்பின் மேல் முகில் மூடியே இருக்கும். சென்டினல்-1 ராடார் அலைகளைக் கொண்டு எடுப்பதால் முகிலுக்கு ஊடாகவும் இரவிலும் எடுக்கும். அமைதியான நீர்ப்பரப்பு ராடார் அலையை வேறு திசைக்குத் தெறிக்கச் செய்துவிடுவதால் அந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

இங்கேதான் வெளியூர் ஆய்வாளர்கள் தவறு விடுகிறார்கள். கார்த்திகை மாதத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளம் அல்ல. மாரி வேளாண்மைக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பாகத்தான் தெரியும். ஆவணி மாதத்துப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, மாவட்டத்தின் வயல் நிலம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதாக ஒரு படம் தயாரிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பீட்டுக்கு, விதைப்பு முடிந்து வெள்ளம் வருவதற்குச் சற்று முந்திய நாளின் படத்தை எடுக்க வேண்டும். அந்த நாள் எது என்பது கண்டத்துக்குக் கண்டம் மாறும். அதைச் சொல்லக் கூடியவர்கள் உங்கள் கமக்காரர் அமைப்பினர்தான். இன்னொரு குறையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டினல்-1 செய்மதி அதே தடத்துக்குத் திரும்பி வர 12 நாட்கள் எடுக்கும். உங்கள் ஊரில் வெள்ளம் நான்கு நாட்களில் வடிந்துவிட்டால், அது எந்தப் படத்திலும் விழாமலே போகலாம். படத்தில் இல்லை என்பதற்காக வெள்ளம் வரவில்லை என்று எவராவது சொன்னால், அந்தப் படம் எடுக்கப்பட்ட திகதியைக் கேளுங்கள்.

உயரத் தரவையும் பலர் நம்பி ஏமாறுகிறார்கள். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உலக உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் சில மீற்றர் பிழை சாதாரணம், மரத்தின் உச்சியையும் நிலமாக எண்ணியிருக்கும். மலைநாட்டுக்கு அது போதும். ஆற்றோரத்துத் தட்டை நிலத்தில் ஓர் அடி வித்தியாசத்தில் ஒரு வீடு மூழ்குகிறது, அடுத்த வீடு தப்புகிறது. அந்த ஓர் அடியைச் சொல்ல, சகோதரி எழுதிய தண்ணீர்க் குழாயை விடச் சிறந்த கருவி உங்கள் ஊரில் கிடைக்காது.

அரசாங்கத் தரவுகளைப் பொறுத்தவரை, கிராம அலுவலர் பிரிவு எல்லைகள் ஐக்கிய நாடுகள் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. நீர்ப்பாசன அலுவலகத்தில் இருக்கும் வான்கதவு திறந்த திகதிகளும் மழை அளவுகளும் தேவையென்றால், முதலில் நேரில் சென்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலான உத்தியோகத்தர்கள் தருவார்கள். கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.

பழைய வெள்ளங்களை அறிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைத் தேடிப் பாருங்கள். 2005 ஆம் ஆண்டிலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஊர் மலர்களையும் அவர்கள் வருடி (ஸ்கேன் செய்து) பாதுகாத்து வருகிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றியும் 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றியும் ஊர்ப்பெயர்களோடு வெளிவந்த குறிப்புகளைத் தேடி எடுத்து, உங்கள் பெரியவர்கள் சொல்வதோடு ஒப்பிட்டால் திகதிகள் உறுதிப்படும். ஒரு பாட்டனார் ‘மகள் பிறந்த வருடத்து வெள்ளம்’ என்று சொன்னதை, பத்திரிகைத் திகதியைக் கொண்டு சரியான வருடத்தில் வைக்க எங்கள் மாணவி ஒருவரால் முடிந்தது.

ஆற்றுவாழைத் தம்பியின் கருத்தில் ஒரு திருத்தம். மதகும் வீதியும் பாடசாலையும் திறந்த வரைபடத்துக்குப் போகட்டும். யானைகள் வரும் வழி, மேய்ச்சல் தரைகள், காட்டோரத்துப் பழைய கட்டடச் சிதைவுகள், சடங்கு செய்யும் ஒதுக்குப்புற இடங்கள் ஆகியவற்றை ஊரார் கூடிப் பேசித் தீர்மானிக்காமல் ஏற்ற வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் மேய்ச்சல் தரையைப் பற்றிய பிணக்கு எவ்வளவு நாட்களாக இழுபடுகிறது என்பது எல்லாரும் அறிந்ததே. திறந்த தளத்தில் போட்ட கோட்டைத் திரும்ப அழித்தாலும் அதன் வரலாறு அங்கேயே இருக்கும்.

தரவு தொலைந்துபோகும் என்ற அவருடைய கவலை நியாயமானது. மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று சங்கத்தில், ஒன்று பாடசாலை நூலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே. சுனாமிக்குப் பிந்திய வாரங்களில் இந்த நாட்டின் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய சஹானா என்ற இலவச அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. அப்படிப்பட்ட திறமை இங்கே இருக்கிறது, ஆகவே ஆறு உயர்தரப் பிள்ளைகள் கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்வதைப் பெரிய காரியமாக எண்ணிப் பயப்பட வேண்டாம். அது வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள், இரண்டு வார இறுதிகளில் அடிப்படையைப் பழகிவிடலாம். விரும்பினால் எங்கள் மாணவர்களை அனுப்புகிறேன். அவர்கள் கற்பித்துவிட்டு வருவார்கள், தரவை எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.


நவகிரி எழுதியது:

ஐயாவுக்கும், அக்காவுக்கும், தம்பிக்கும், சேருக்கும் எங்கள் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை உங்கள் பதில்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். அக்கா எழுதிய அடுப்புக் கதையைக் கேட்டதும், அதுவரை பின்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து ஒருவர்பின் ஒருவராகத் தங்களுடைய குசினியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதால், கூட்டம் முடிய இரவு ஒன்பது மணியாகிவிட்டது.

வீதி, மதகு, பொதுக் கட்டடங்கள், வாய்க்கால் பெயர்கள் ஆகியவற்றை மாத்திரம் திறந்த வரைபடத்தில் ஏற்றுவது என்றும், யானை வரும் வழிகளைத் தனிப் படமாக வைத்துச் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்களுக்கு நேரில் காட்டுவது என்றும் முடிவு செய்தோம். உதவி தேவைப்படுவோரின் பதிவேட்டைத் தலைவரும் நானும் கிராம அலுவலரும் மாத்திரம் பார்ப்போம். கிராம அலுவலரிடம் இன்று காலையில் பேசினேன். படம் தயாரானதும் பள்ளப் பக்கத்தை வேறாகக் குறித்து அறிக்கை எழுதத் தனக்கு அது வசதியாக இருக்கும் என்று அவரே சொன்னார். நீர்ப்பாசன அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம். சேர், மாணவர்களை அனுப்புவதாகச் சொன்னீர்கள், இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வசதிப்படுமா என்று அறியத் தாருங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் பொறுப்பு.

அடிமட்டத்தைப் பற்றி ஒரு சிறிய வாதம் எழுந்தது. பாடசாலையின் கொடிக்கம்பப் பீடத்தை வைப்போம் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பீடம் இரண்டு தடவை உயர்த்திக் கட்டப்பட்டது என்று வட்டவிதானை ஐயா நினைவுபடுத்தினார். கோயிலின் கீழைவாசல் கருங்கற்படி, அவர் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து அசைக்கப்படவில்லையாம். 1957 ஆம் ஆண்டில் தண்ணீர் அந்தப் படியின் எந்த விளிம்பில் நின்றது என்று அவருடைய தகப்பனார் காட்டிய இடத்தை இருட்டிலேயே தடவிக் காட்டினார். ஒரு மேசனின் குழாயை இரவல் கேட்டு வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை காலையில் அந்தப் படியிலிருந்து தொடங்குகிறோம், குழாயின் ஒரு நுனியைத் தானே பிடிப்பதாக ஐயா சொல்லியிருக்கிறார்.